ஆடி மாசத்து ஜன்னல்

தமயந்தி ஜன்னலைத் திறந்தா. விளக்கு அணைஞ்சுபோச்சு.

அவ்ளோதான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுது. மடத்தை ஆரம்பிச்ச பெரியம்மா தன் கையால ஏத்தின விளக்கு. முப்பது வருஷமா அணையாத விளக்கு! ஆடி பொறந்தா விளக்கு மண்டபத்து ஜன்னலையெல்லாம் சாத்திடுவாங்க. ஆவணியிலதான் திறப்பாங்க. அம்மியையே தூக்கற காத்து, ஒரு திரியை விட்டுவைக்குமா? நேத்து வந்து சேர்ந்தவளுக்குக்கூட இது தெரியும். தமயந்தி பத்து வருஷமா அந்த விளக்குக்கு எண்ணெய் ஊத்தறவ.

சாயங்காலப் பாராயணம் பாதி வரியில நின்னுச்சு.

"யாருடி ஜன்னலைத் திறந்தது?" முத்தழகு அக்கா கத்தினாங்க. மடத்துலயே மூத்தவங்க அவங்கதான்.

"நான்தான்க்கா."

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

ஆறு மாசமா தமயந்தியும் தன்னை அதையேதானே கேட்டுக்கிட்டிருக்கா.

சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சுலேர்ந்து ஒரு அனல் கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலைன்னு ஏறும். ரவிக்கை தொப்பலா நனைஞ்சிடும். அடுத்த நிமிஷமே குளிரெடுக்கும். தூக்கம் போச்சு. எதுக்குன்னே தெரியாம நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். தலைகீழாத் தெரிஞ்ச பாட்டுல நடு வரி காணாமப்போகும். போன வாரம் சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொன்னவ மேல கரண்டியையே வீசிட்டா. அப்புறம் மாட்டுக்கொட்டாய்ல போய் ஒளிஞ்சுக்கிட்டு அழுதா.

அவ சித்திக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. காத்து கருப்புன்னு வேப்பிலை அடிச்சாங்க. அப்புறம் பின்கட்டு ரூம்ல வெச்சுப் பூட்டினாங்க. அந்த ரூம் அண்ணன் வீட்டுல இன்னும் அப்படியேதான் இருக்கு.

சத்தம் கேட்டு ஞானசுந்தரி அம்மா வந்தாங்க. மடத்துக்குக் குரு. தமயந்தியைவிட எட்டு வயசு சின்னவங்க. ஆனாலும் எல்லாருக்கும் அம்மாதான்.

"என்ன ஆச்சு?"

"உலக்கை மாதிரி நிக்கறாளே, அவளைக் கேளுங்கம்மா! இவளை விளக்குப் பக்கமே விடாதீங்க. அண்ணன்காரனுக்குப் போனைப் போட்டு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அண்ணன்னதும் தமயந்தி ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"ஏன் திறந்தீங்க?" அம்மா கேட்டாங்க.

"எரிஞ்சுதும்மா."

"எது?"

"நான்தான்."

அதுக்கு மேல அவளால அடக்க முடியல. "மாசாமாசம் வர்றது நின்னதுலேர்ந்தே இப்படித்தாம்மா. எரியுது. மறக்குது. அழுகை வருது. யாரைப் பாத்தாலும் கடிச்சுத் துப்பணும் போல வருது. எனக்குப் பைத்தியம் பிடிக்குதாம்மா?"

அம்மா போய் ரெண்டாவது ஜன்னலைத் திறந்தாங்க.

"அம்மா!"

மூணாவதையும் திறந்தாங்க. காத்து ஹோன்னு உள்ள பாஞ்சுது. பாட்டுப் புஸ்தகமெல்லாம் படபடன்னு அடிச்சுக்கிச்சு. தமயந்தி கழுத்துல அந்தக் காத்து பட்டதும் அவளுக்குக் கண்ணு தானா சொருகிச்சு.

அம்மா தீப்பெட்டியை எடுத்துக் கிழிச்சாங்க. அணைஞ்சுது. இன்னொரு குச்சி. அதுவும் அணைஞ்சுது.

"ஜன்னலைச் சாத்துங்கம்மா, அப்பத்தான் நிக்கும்." முத்தழகு அக்காவுக்குப் பொறுக்கல.

"மாட்டுக்கொட்டாய்ல லாந்தர் தொங்குதுல்ல? அதோட கண்ணாடியைக் கழட்டிக் கொண்டாங்க."

புகை படிஞ்ச கண்ணாடி வந்துச்சு. அம்மா முந்தானையால தொடச்சு, முதுகால காத்தை மறைச்சுத் திரியைப் பத்தவெச்சு, டக்குனு மேல வெச்சாங்க. சுடர் தள்ளாடிச்சு. அப்புறம் நிமிர்ந்து நின்னுக்கிச்சு. மூணு ஜன்னலும் திறந்தேதான் கெடந்துச்சு.

"பெரியம்மா ஏத்தினது போச்சேம்மா," முத்தழகு அக்கா புலம்பினாங்க.

"போச்சுக்கா." அம்மா தமயந்தி பக்கம் திரும்பினாங்க. "நாளைக்கும் நீங்கதான் எண்ணெய் ஊத்தணும். ஆனா காலையில மொதல்ல டவுன்ல டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்துடலாம். நானும் வரேன்."

"இதுக்கெல்லாமா டாக்டர்?" முத்தழகு அக்கா வெடிச்சிட்டாங்க. "எங்களுக்கெல்லாம் வரலையா? நாங்க பொறுத்துக்கலையா? இதே மண்டபத்துல ஈரத் துண்டைப் பொடவைக்குள்ள சுத்திக்கிட்டு ரெண்டு வருஷம் உக்காந்திருந்தேன். செத்துடலாம் போல இருக்கும். ஒருத்தருக்குத் தெரியுமா?"

"தெரியலையே அக்கா," அம்மா மெதுவா சொன்னாங்க.

முத்தழகு அக்கா கை தானா கழுத்துக்குப் போச்சு.

தமயந்தி அக்காவைப் பாத்தா. அக்கா விளக்கைப் பாத்தாங்க.

அம்மா அங்கயே தரையில உக்காந்துக்கிட்டாங்க. முன் வரிசையில இருந்தவங்க, தூணுக்குப் பின்னாடி இருந்தவங்க, வாசப்படியில நின்னவங்க, ஒருத்தரை விடாம பாத்தாங்க.

"எனக்கு இன்னும் வரல. வரும். அதான் கேக்கறேன், சொல்லுங்க. உங்களுக்கும் இப்படி வந்துச்சா?"