சக்கரம் நிற்கும் இடம்

செங்காட்டு நாடு என்று முன்பு ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட மாறச்சேந்தன் என்ற அரசனுக்குக் காலையில் ஒரு மனம், மாலையில் வேறு மனம்.

தலைநகரின் கோயில் தேர் மேலவீதி முனைக்கு வந்ததும், சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போட்டு நிறுத்தித்தான் திருப்ப வேண்டும். போன வருடம் கட்டை பிசகி, தேர் ஒரு வீட்டுச் சுவரை இடித்துவிட்டது.

"இந்த வருடமும் இடித்தால் உம் பதவி போய்விடும்" என்று அமைச்சர் அம்பலவாணரிடம் அரசன் சொல்லிவிட்டான்.

அந்தப் பதவிமேல் கண் வைத்திருந்த தளவாய் காளத்திக்கு மகிழ்ச்சி. "முனைக்கு என் மருமகன் வீரபாகுவைப் போடுங்கள், அரசே. அவனுக்கு இணை கிடையாது."

அமைச்சர் கட்டைக்காரர்களை அழைத்தார். "யார் முனைக்கு நிற்பது?"

எல்லோரும் "நான்" என்றார்கள். பொன்னப்பன் மட்டும், "எனக்கு அவ்வளவு வராதுங்க" என்றான்.

"வாயால் சொல்ல வேண்டாம். கட்டை போடுமுன், சக்கரம் எங்கே நிற்கும் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்."

அரசனும் தளவாயும் பார்த்திருக்க, வெறுந்தேரை இழுத்தார்கள். வீரபாகுவின் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் சக்கரம் நின்றது. "வடம் பிடித்தவர்கள் சரியில்லை" என்றான். பொன்னப்பனின் கோட்டுக்கு வெகு முன்பே நின்றுவிட்டது.

"நீயும் தப்புத்தான் அப்பா. குறைத்துச் சொன்னாலும் பிசகு பிசகுதான்" என்றார் அமைச்சர்.

தளவாய் சிரித்தார். "தேரோடும் வீதியில் அமைச்சர் கோலம் போடச் சொல்கிறார்!"

"உங்களுக்குத்தான் மருமகன்மேல் நம்பிக்கை உண்டே. அவன் போடும் அடுத்த கோட்டை ஒட்டி, சக்கரத்துக்கு எதிரே அந்தப் பக்கம் நில்லுங்கள்."

"நில்லும் ஐயா!" என்றான் அரசன், வேடிக்கை பிடித்துப்போய்.

தளவாய் வீதியில் இறங்கி நின்றார். வீரபாகு மாமாவைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். பிறகு நன்றாகத் தள்ளிப் போய்க் கோடு கிழித்தான்.

"இன்னும் தள்ளிப் போடுடா!"

"வேண்டாம் மாமா, இங்கேதான் நிற்கும்."

தேர் அசைந்ததும் தளவாய் துண்டைப் போட்டுவிட்டு ஓடினார். சக்கரம் கோட்டைத் தொட்டு நின்றது.

திருவிழா வரை தினமும் கோடு போட்டுப் பழகினார்கள். கடைசியில் வீரபாகுவே வந்து சொன்னான்: "நான் நேர்வீதிக்குப் போதும். முனைக்குப் பொன்னப்பன் நிற்கட்டும்."

"நிற்கிறேன். என்னால் முடியும்" என்றான் பொன்னப்பன்.

தேர் சுவரைத் தொடாமல் திரும்பியது. அரசன் அமைச்சருக்குப் பட்டு போர்த்தி, கட்டைக்காரர்களுக்கு ஆளுக்கொரு வேட்டி கொடுத்தான். பிறகு தளவாயைக் கூப்பிட்டான்.

"உம்மால் என்ன முடியும்? அளந்து சொல்லும்."

தளவாய் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "கூட்டத்தோடு வடம் பிடிக்கிறேன், அரசே. பின்வரிசையில்."

"இதுதான் நீர் சரியாகச் சொன்ன முதல் பதில்" என்றான் அரசன்.