பூவாயித் தண்ணி

காய்ச்சலில் கிடந்த மகள் பூவாயிக்காக, மலையில் நன்னாரி வேர் தோண்டிக் காய்ச்சிக் கொடுத்தாள் குருவம்மா. மகள் பிழைக்கவில்லை. பிழைப்புக்காக அவள் காய்ச்சி விற்ற அந்தப் பானம் மட்டும் சந்தையில் 'பூவாயித் தண்ணி' என்று பேரெடுத்துவிட்டது.

மலைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை. குருவம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். மூக்காலேயே கனைத்து, மூக்காலேயே பேசினார்.

"இது நாம் கண்டுபிடித்த பானமாக்கும். இனி இதன் பேர், நம் பேராலேயே, பூபதி பானம். சந்தையில் விற்க உத்தரவு எழுதத் தாசில்தார் வருகிறார். அவர் முன்னால் நீ ஆமாம் போடணும். இல்லையென்றால் மலையில் கால் வைக்காதே."

தாசில்தார் வந்ததும் குருவம்மா கும்பிட்டாள். "ஆமாஞ்சாமி, ஐயா கண்டுபிடிச்சதுதான். ஐயா கையாலேயே ஒரு வாய் காய்ச்சித் தரச் சொல்லுங்க."

ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வேரின் கறுத்த தோலை அழுக்கென்று சீவி எறிந்தார். உள்ளிருந்த வெள்ளை நரம்பை மட்டும் கொதிக்கவிட்டார்.

தாசில்தார் குடித்துப் பார்த்தார். "ஜமீன்தாரே, இது வெறும் வெந்நீரல்லவா?"

குருவம்மா தரையில் கிடந்த தோலைப் பொறுக்கி நீட்டினாள். "வாசமெல்லாம் தோல்ல இருக்கு சாமி. நரம்பைத்தான் நாங்க தூக்கிப் போடுவோம்."

உத்தரவில் பூவாயித் தண்ணி என்றே எழுதினார் தாசில்தார். அதற்குப் பிறகு சந்தையில் ஆளாளுக்கு, "ஒரு பூவாயி, இங்கே ரெண்டு பூவாயி" என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு குரலுக்கும் குருவம்மா திரும்பிப் பார்த்தாள். ஓடி வரத்தான் ஆள் இல்லை.