நாழிகைக்காரி தூங்கிய நாள்

இந்தக் கதையில் திருடன் இல்லை, பொய் சொன்னவனும் இல்லை. இருந்தும் கேட்டு முடித்ததும் யாரையாவது குறை சொல்லத் தோன்றும். யாரை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெண்துறை என்று ஒரு கடலோரப் பட்டினம். அதன் கோட்டை வாசலுக்கு மேலே ஓர் அறை. அங்கே தண்ணீர் நிரம்பிய அண்டாவில், அடியில் ஊசித் துளை போட்ட வட்டில் என்ற செப்புக் கிண்ணம் மிதக்கும். துளை வழியே நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே சேகண்டி என்ற வெண்கலத் தட்டை அடித்துவிட்டு, வட்டிலை எடுத்து நீரைக் கொட்டி மறுபடி மிதக்க விட வேண்டும். நாளுக்கு அறுபது முறை. காவல் மாறுவதும் கடை திறப்பதும் அந்த ஓசையைக் கேட்டுத்தான்.

அந்த வேலை சேந்தன் என்பவனுடையது. மாதம் தவறாமல் அரண்மனை நெல் வரும். அறையை ஒட்டியே வீடு. சாகும்வரை இரண்டுக்கும் குறைவில்லை. பகலில் சேந்தன் அடிப்பான். இரவில் அவன் மனைவி நங்கை அடிப்பாள். அரண்மனை ஓலையில் அவள் பெயர் கிடையாது. விடிந்ததும் தண்ணீர் எடுக்க வேண்டும், சமைக்க வேண்டும். மதியம் சாப்பிட்டதும் சேந்தனுக்குக் கண் சொருகும். அப்போதும் அவள்தான் வந்து உட்காருவாள். பதினொரு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல நான்கு நாழிகை தூங்கியதில்லை.

ஒருநாள் பிற்பகல் கூத்தன் என்ற மரக்கலத் தலைவன் படியேறி வந்தான். கீழைக் கடலுக்குப் போகிறவன். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எத்தனை நாழிகை ஓடினோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

“பன்னிரண்டு நாளாக என்னிடமுள்ள வட்டிலை வைத்துக்கொண்டு உங்கள் சேகண்டியைக் கேட்டேன்,” என்றான். “பகலில் சில முறை பிந்தியது. இரவில் ஒருமுறைகூடப் பிந்தவில்லை. இரவில் அடிப்பவர் யார்?”

சேந்தன் ஒன்றும் மறைக்கவில்லை. “என் மனைவி,” என்றான்.

கூத்தன் அங்கே நின்றிருந்த நங்கையின் பக்கம் திரும்பினான். “அப்படியானால் உங்களைத்தான் கேட்க வேண்டும், அம்மா. என் கப்பலுக்கு வாருங்கள். லாபத்தில் உங்கள் பெயரில் ஒரு பங்கு தருகிறேன். வணிகர் குடும்பங்களும் வருகின்றன. உங்கள் கணவரும் கூட வரலாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் புறப்பட்ட மூன்று கப்பலில் இரண்டுதான் திரும்பின. நாளை உச்சிப்பொழுதில் கடல் ஏறும். அப்போது பாய் விரித்தால்தான் துறை வாயிலில் உள்ள மணல்மேட்டைத் தாண்ட முடியும்.”

நங்கை சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பெயரில் பங்கு என்று ஒருவன் சொன்னது அவளுக்குக் காதில் விழுந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை.

“போகலாமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை, ஐயா,” என்றாள். “ஒரு முழுத் தூக்கம் தூங்கிவிட்டு எழுந்து சொல்கிறேன்.” பிறகு கணவனிடம், “இன்று இரவு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயில் படுத்தாள்.

அன்று இரவு முழுவதும் சேந்தன் அடித்தான். விடிந்தது. அவள் எழவில்லை. வெயில் ஏறியது. அப்போதும் எழவில்லை. அவன் கஞ்சி காய்ச்சி மூடி வைத்தான். கப்பலிலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனான். உச்சிக்குக் கூத்தனே வந்தான்.

“எழுப்பு.”

“முழுத் தூக்கம் கேட்டாள்,” என்றான் சேந்தன். “இப்போது எழுப்பினால் அரைத் தூக்கத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வாள்.”

“அதை அவள் வாயால் கேட்டுவிட்டுப் போகிறேன்.”

சேந்தன் உள்ளே போனான். நங்கை வாய் லேசாகத் திறந்திருக்க ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததேயில்லை. தோளைத் தொடக் கை நீட்டினான். எழுந்தால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்றும் தோன்றியது. பாவம், தூங்கட்டும் என்றும் தோன்றியது. எந்த எண்ணம் கையைப் பிடித்து நிறுத்தியது என்று அவனுக்கே விளங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

கூத்தன் இரண்டு நாழிகை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கப்பலில் அறுபது பேர் காத்திருந்தார்கள். நீர் வடியத் தொடங்குமுன் எழுந்து போனான்.

பொழுது சாயும் நேரத்தில் நங்கை விழித்தாள். சன்னல் வழியே துறையைப் பார்த்தாள். கப்பல் இல்லை.

“ஏன் எழுப்பவில்லை?”

“நீ தூக்கம்தானே கேட்டாய்.”

அவள் முகம் கழுவி வந்து கஞ்சியைக் குடித்தாள். பிறகு கேட்டாள்: “நேற்றிலிருந்து சேகண்டி எத்தனை முறை பிந்தியது?”

“ஒருமுறைகூட இல்லை,” என்றான், சற்றுப் பெருமையாகவே.

“அப்படியானால் இத்தனை வருஷமும் உங்களால் முடிந்திருக்கிறது,” என்றாள் நங்கை.



நேரம் குறித்துச் சொல்லியிருந்தும் தூங்கப் போனாள் ஒருத்தி. அவளை எழுப்ப மறுத்தான் ஒருவன். காத்திருந்து பார்த்துவிட்டுப் போனான் இன்னொருவன். இதில் யார் செய்தது சரி?

என் விடை இது. கூத்தன் செய்தது சரி. ஒருத்திக்காக அறுபது பேரைக் கரையில் நிறுத்தி வைக்க அவனால் முடியாது. நங்கை செய்ததும் சரி. அவ்வளவு களைத்தவள் எதைத் தேர்ந்தாலும் அது களைப்பின் முடிவாகத்தான் இருந்திருக்கும். தவறியவன் சேந்தன். தூங்கிவிட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள். தூக்கத்தை அவளுக்குக் கொடுத்தான். பதில் சொல்லும் உரிமையை அவனே எடுத்துக்கொண்டான். எழுப்பியிருந்தால் அவள் தவறான பதிலையே சொல்லியிருக்கலாம். அந்தத் தவறாவது அவளுடையதாக இருந்திருக்கும். அவனுக்கும் இது புரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இரவுச் சேகண்டியை அவனே அடித்தான். கூத்தன் அந்தத் துறைக்கு மறுபடி வரவில்லை. நங்கைக்கு இரவெல்லாம் பாயில் படுத்திருக்க முடிந்தது. நன்றாகத் தூங்கினாள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.