பாவாத்தாள் பிடித்த பிள்ளையார்

பிள்ளையார் கோயில் மடைப்பள்ளிக்கு நெல் குற்றிக் கொடுப்பதே பாவாத்தாள் அம்மையாரின் பிழைப்பு. குற்றி முடித்ததும் ஒரு பிடி அரிசியை எலி வளையருகே வைத்து, "சாமி ஏறிப் போற வாகனமுங்க, பட்டினி கெடக்கலாமா?" என்பார். தம் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று யோசிக்க மாட்டார். ஊரே சிரிக்கும்.

அந்த ஆண்டு எலிகள் பட்டப்பகலில் தள்ளாடி வந்து செத்து விழுந்தன. வாகனமாயிற்றே என்று ஊரார் அவற்றைக் கையால் எடுத்து, மஞ்சள் துணி சுற்றி, பூப் போட்டுப் புதைத்தார்கள். எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. தெருவுக்குத் தெரு பாடை கட்டினார்கள்.

டாக்டர் வந்தார். "இது பிளேக். எலி செத்ததும் அதுமேல இருக்கிற தெள்ளுப்பூச்சி உங்களைக் கடிக்க வருது. எலிக்குத் தீனி வைக்காதீங்க. ஊசி போட்டுக்கிட்டு, எல்லாரும் மேட்டுக்காட்டுல குடிசை போட்டுப் போயிடுங்க."

குருக்கள் மறித்தார். "சாமியை இருட்டுல தனியா விட்டுட்டா? நான் நகர மாட்டேன்!" ஊரும் நகரவில்லை.

அம்மையார் சன்னிதியில் நின்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எலி வளையைக் கல் வைத்து அடைத்தார். முதல் ஊசிக்குக் கை நீட்டினார். "வாகனத்தையே பட்டினி போட்டுட்டா, இவளா பக்தை?" என்று ஏசினார்கள். அவர் நேரே மேட்டுக்காட்டுக்குப் போனார். சாணியில் ஒரு பிள்ளையார் பிடித்து, உச்சியில் அறுகம்புல் செருகி, விளக்கேற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"வாங்க, சாமி முன்னாலயே போயாச்சு. உங்க வீட்டு விசேசத்துக்கெல்லாம் சாணியப் புடிச்சு வெச்சா வந்து குந்தறவரு, உங்க உசுருக்கு வரமாட்டாருங்களா?"

ஊர் ஊசி போட்டுக்கொண்டு மூட்டை கட்டியது. நெறி கட்டியவர்களுக்குத் தனிக் குடிசை. கஞ்சி ஊட்டியவர் அம்மையார். சிலர் இறந்துபோனார்கள், சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். புதிதாக எவரும் விழவில்லை.

குருக்கள் மட்டும் கோயிலை விடவில்லை. ஒரு நண்பகலில் தூணோரம் கண்ணயர்ந்தவரின் கனவில் பிள்ளையார் வந்தார்.

"யாருக்குய்யா மணியாட்டறீர்? நான் பாவாத்தாளோட காட்டுல இருக்கேன். போய் ஊசியைப் போட்டுக்கொள்ளும்."

குருக்கள் நைவேத்தியப் பாத்திரத்தோடு மேட்டுக்காட்டுக்கு ஓடினார். "சாமி உத்தரவு, டாக்டர். கொஞ்சம் மெதுவாக் குத்தும்!" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். பின் சாணிப் பிள்ளையாருக்குப் படைத்து, முதல் பிரசாதத்தை அம்மையார் கையில் வைத்துக் கும்பிட்டார்.

சாமியையும் ஊரையும் ஒருசேரக் காட்டுக்கு நடத்திப் போன அந்தத் தாய்க்கு, ஊசியைக் கண்டால் ஒளியும் நம் போன்றவர்களின் கும்பிடும் சேரட்டும்.