உக்காருங்க அக்கா

குணவதி கூடத்துக்குள் பாதி தூரம் வந்த பிறகுதான் செருப்போடு வந்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு மறுபடியும் வந்தாள்.

மெய்யம்மை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னத் தியானக் கூடத்துக்கு அவர்தான் குரு. வயது முப்பத்து நான்கு. அங்கே வருகிறவர்கள் பெரியவர், சின்னவர் என்று பார்க்காமல் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதுக் குணவதியும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேட்கணும்மா."

"கேளுங்க."

குணவதி உட்காரவில்லை. ஒரு இடத்தில் நிற்கவும் முடியவில்லை. சுவருக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டே பேசினாள். மெய்யம்மை அவளை உட்காரச் சொல்லவில்லை.

குணவதி திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவசரப் பிரிவில்தான் இருந்தாள். ரத்தம், கூச்சல், ஓட்டம் எல்லாம் பழகிப்போன உடம்பு. சித்திரை மாதம் அவளை அங்கிருந்து எடுத்து, வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள்.

யாரும் அவளிடம் குறை கண்டுபிடிக்கவில்லை. நர்சிங் சூப்பரிண்டெண்ட் தோளில் கை போட்டுத்தான் சொன்னார். "ஓடினதெல்லாம் போதும் அக்கா. இனிமே கொஞ்சம் உக்காருங்க. அங்க ஓடறதுக்கு இளவட்டங்க இருக்காங்க."

அதன் பிறகு எல்லாரும் அவளிடம் ரொம்பவும் நல்லவர்களாக ஆகிவிட்டார்கள். லிஃப்ட்டில் இடம் விட்டார்கள். கேன்டீனில் டீயை மேசைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவசரப் பிரிவுக்குப் புது மானிட்டர்கள் வந்தபோது பயிற்சிக்கு அவளைக் கூப்பிடவில்லை. அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் ஆடி பிறப்பதற்குள் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அவளுக்குத் தூக்கம் போனது. படுத்தால் கால் சும்மா இருப்பதில்லை. யார் பெயராவது சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் பயம் வந்தது. முன்பும் பெயர்களை மறந்தவள்தான். முன்பு அதற்குப் பயந்ததில்லை.

"போன செவ்வாய்க்கிழமை என் கவுன்ட்டர் முன்னாடியே ஒருத்தர் விழுந்துட்டார்மா," என்றாள் குணவதி. "டோக்கன் வாங்கக் கையை நீட்டினவர் அப்படியே சரிஞ்சார். மூச்சு இல்ல. நாடி இல்ல. நெஞ்சுல கை வெச்சு அழுத்தணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கேன்!"

"செஞ்சீங்களா?"

குணவதி நடப்பதை நிறுத்தினாள்.

"இல்ல. நாடி பார்த்தேன். எழுந்து மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். யாராவது வாங்க, யாராவது வாங்கன்னு கத்தறேன். உன்னால ஆகாது, சின்னவங்க யாராச்சும் வரட்டும்னு உள்ள ஒரு குரல். மாடியிலேருந்து ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு ஓடிவந்தா. போன வருஷம்தான் படிப்பை முடிச்சவ. அவதான் அழுத்தினா. ஆள் பிழைச்சுட்டார்."

"அப்புறம்?"

"என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கலம்மா. கேட்டிருந்தாக்கூடத் தேவலை. நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. எனக்கு குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்தாங்க. நல்லவேளை, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலன்னு பேசிக்கிட்டாங்க." மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள். "என் கை ஏம்மா எழும்பல? எனக்கு நிஜமாவே வயசாயிடுச்சா?"

மெய்யம்மை அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை சமையலுக்கு வருவீங்கல்ல?"

"எப்பவும் வர்றதுதானே."

"வாங்க."

அவ்வளவுதான். குணவதி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் அன்னதானம். சுற்று வட்டாரத்திலிருந்து நிறையப் பேர் சாப்பிட வருவார்கள். காய் நறுக்குவதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை குணவதி எல்லாவற்றிலும் இருப்பாள்.

அன்று அவள் அரிவாள்மனை முன் உட்காரப் போனபோது, சமையலைக் கவனிக்கும் சுந்தரவல்லி ஓடி வந்தாள்.

"விடுங்க அக்கா, நான் பார்த்துக்கறேன். முட்டியை மடக்கி உக்காராதீங்க."

குணவதி அரிசி களையப் போனாள். தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்த அருளானந்தம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"நீங்க ஏன் குனியறீங்க? பிரஷர் ஏறிடப்போவுது. நிழல்ல போய் உக்காருங்க."

துடைப்பத்தை எடுத்தாள். அதையும் ஒருத்தி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். மோர் வந்தது. கொஞ்ச நேரத்தில் விசிறியும் வந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "நீங்க உக்காருங்க அக்கா," என்றார்கள். ஒரு குரலில்கூடக் கடுமை இல்லை.

முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எழுந்து எழுந்து அடுப்படிப் பக்கம் போனாள். ஒவ்வொரு தடவையும் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். வெயில் ஏற ஏற அவள் எழுவது குறைந்தது. முட்டி வலித்தது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வரப்பில் நடந்து வந்தபோது அது வலித்த நினைவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தபோது கை லேசாக ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

கூடத்து வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மெய்யம்மை, பந்தி ஆரம்பித்த பிறகு வந்து பக்கத்தில் நின்றார்.

"எப்படி இருக்கீங்க?"

"என்னமோ முடியலம்மா. சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன். துணைக்கு யாராச்சும் வந்து பஸ் ஏத்திவிட்டா..."

சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். குருவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இவங்ககிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன். குணவதி அக்காவுக்கு இன்னைக்கு வேலை எதுவும் கொடுக்காதீங்கன்னு."

"வயசாயிடுச்சு, முடியலன்னு சொன்னீங்களா?"

"காரணம் எதுவும் சொல்லலையே."

"சுந்தரவல்லி என் முட்டியைப் பத்திப் பேசினா. அருளானந்தம் பிரஷர்ங்கறார். எனக்குப் பிரஷரே கிடையாதும்மா!"

"அவங்களாக் கண்டுபிடிச்சுக்கிட்டாங்க," என்றார் மெய்யம்மை. "தலையணை நீங்களாக் கேட்டீங்களாமே?"

குணவதி விருட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணு மாசமா அங்க படறது போதாதுன்னு நீங்களுமா? அழுதுக்கிட்டு வந்து கேட்டேன். அதுக்கு இதுதானா பதில்?" மரத்தைச் சுற்றி நடந்தாள். மூச்சு வாங்கியது. "முட்டி வலி ஒண்ணும் பொய் இல்ல. நிஜமாவே வலிக்குது எனக்கு."

"வலிக்கட்டும். முட்டிக்கு ஐம்பத்து மூணு வயசு ஆகுது. டம்ளரைத் தூக்கறப்ப ஆடினது முட்டியா?"

பந்தியில் யாரோ சாம்பார் கேட்டார்கள். அருளானந்தம் வாளியோடு திரும்பினார். குணவதி நேராகப் போய் அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள்.

"அக்கா, வேணாம்..."

"கரண்டியைக் கொடுங்க."

அந்தப் பந்திக்கும் அடுத்த பந்திக்கும் அவளே பரிமாறினாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் முட்டி வலித்தது. கை ஆடுகிறதா என்று பார்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. மெய்யம்மையிடம் சொல்லிக்கொள்ளாமலே அன்று கிளம்பிப் போனாள்.

மறுநாள் நர்சிங் சூப்பரிண்டெண்ட் அறைக்குப் போனாள்.

"என்னைத் திரும்ப எமர்ஜென்சிக்கு மாத்துங்க மேடம்."

"ஏன் அக்கா, கவுன்ட்டர்ல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

"உங்க நல்லதுக்குத்தான் அங்க போட்டோம்."

"என் நல்லது என்னன்னு என்னைக் கேட்டீங்களா?"

சூப்பரிண்டெண்ட் பேனாவை மூடி வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு அந்த ஆள் விழுந்தப்ப உங்களால ஒண்ணும் செய்ய முடியலையே. நான் அதை யார்கிட்டயும் பேசல. உங்களுக்கு மனசு கஷ்டப்படும்னு."

இந்த வார்த்தைக்குப் பயந்துதான் குணவதி ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தாள். வார்த்தை வந்துவிட்டது. அவள் விழுந்துவிடவில்லை.

"பேசுங்க மேடம். நான் நின்னுட்டது நிஜம். தப்புதான். அங்க வேலை பார்த்த வரைக்கும் ஒரு நாளாவது என் கை நின்னிருக்கா? இங்க உக்கார வெச்சப்புறம்தான் நின்னுச்சு."

"அது வயசால இல்லன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

சூப்பரிண்டெண்ட் மூடி வைத்த பேனாவை மறுபடியும் கையில் எடுத்தார்.

"புது மானிட்டரைக் கத்துக்கறேன். பரீட்சை வைங்க. தேறலன்னா நானே வந்து கவுன்ட்டர்ல உக்காந்துக்கறேன்."

ஒரு மாதத்துக்கு, பகல் நேரத்தில் மட்டும், ஜெனிட்டாவோடு சேர்ந்து பார்க்கட்டும் என்று முடிவானது. அரை மனதாகக் கொடுத்ததுதான். குணவதி வாங்கிக்கொண்டாள்.

முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டாள். நிற்க வேண்டாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மானிட்டரில் தப்பான பொத்தானை அழுத்தி, அது கத்தி, வார்டே திரும்பிப் பார்த்தது. ஜெனிட்டா சிரிக்காமல் மறுபடியும் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அது கைக்குப் பிடிபட்டது. தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

ஒரு நாள் வயிற்றுப்போக்கில் சுருண்டுபோன ஒரு முதியவரைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை. நரம்பு கிடைப்பது கஷ்டம். உடனே டிரிப் ஏற்ற வேண்டும். ஜெனிட்டா ஊசித் தட்டோடு வந்ததும் முதியவரின் மகன் குறுக்கே நின்றான்.

"இந்தப் பாப்பாவா போடப்போவுது? பெரிய நர்ஸ் இருக்காங்கல்ல, அவங்களைப் போடச் சொல்லுங்க."

குணவதிக்கு அது இனித்தது. எத்தனையோ மாதம் கழித்து ஒருவர் அவளைக் கேட்கிறார். வாயெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் ஜெனிட்டாவின் கை கண்ணில் பட்டது. அது கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. மாடியிலிருந்து ஓடிவந்து ஓர் உயிரைத் திருப்பிக் கொண்டுவந்த கை.

குணவதி தட்டைத் திரும்ப அவளிடம் கொடுத்தாள். மகனைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். பிறகு முதியவரின் கையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை நரம்பு நழுவியது. இரண்டாவது தடவை ஜெனிட்டாவுக்குக் கிடைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் முதியவர் கண் திறந்து காபி கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் குணவதி கூடத்துக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சந்தோஷமான விஷயம்தான். ஆனாலும் அவளால் உட்கார முடியவில்லை. மறுபடியும் சுவருக்கும் சுவருக்குமாக நடந்தாள்.

"இன்னும் என்ன?" என்றார் மெய்யம்மை.

"டிரிப் ஏத்தி முடிச்சுக் கை கழுவறப்ப ஜெனிட்டா சொல்றா, 'இந்த வயசுலயும் எப்படிக்கா நாள் பூரா இப்படி நிக்கிறீங்க? நீங்க கிரேட்'ன்னு. மனசார சொன்னாம்மா. எனக்குத்தான் சுருக்குன்னு குத்திடுச்சு. முடியலன்னாலும் வயசு. முடிஞ்சாலும் வயசு. அந்த ஒரு வார்த்தை நாலு நாளா உள்ளயே நிக்குது. அவ நல்ல பொண்ணு, அவளுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரிய வைக்கறது?"

மெய்யம்மை கேட்டார்.

"அந்தப் பெரியவரோட மகன்கிட்ட என்ன சொல்லிச் சம்மதிக்க வெச்சீங்க?"

"அதுவா? பயப்படாதீங்க தம்பி, சின்னப் பொண்ணா இருந்தாலும் ரொம்பக் கெட்டிக்காரின்னு..."

குணவதியின் கால்கள் நின்றன.

"அப்ப ஜெனிட்டா எங்க இருந்தா?"

"பின்னாலதாம்மா. காதுல விழற தூரத்துல."

"அவ முகம் எப்படி இருந்துச்சு?"

குணவதி நினைத்துப் பார்த்தாள். ஊசித் தட்டு நினைவிருந்தது. முதியவரின் உலர்ந்த உதடுகள் நினைவிருந்தன. அந்த மகன் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டைகூட நினைவிருந்தது.

"பார்க்கலையேம்மா," என்றாள்.

"நாளைக்கு டியூட்டி இருக்குல்ல?"

"இருக்கு."

"பாருங்க," என்றார் மெய்யம்மை.