வாசலில் நிற்காத காவல்காரன்

தூத்துக்குடியில் ஒரு சன்ஸ்கிரீன் ட்யூபுக்குள் ஒரு காவல்காரன் இருந்தான். வெயிலைத் தடுக்கவென்று ஆலையில் பிறந்த ரசாயனம் அவன். அங்கே அவனுக்கு வைத்த நீளமான பெயர் அவன் வாயிலேயே நுழையாது. ஆகவே நாமும் காவல்காரன் என்றே சொல்லிக்கொள்வோம்.

ட்யூபை வாங்கியவள் எப்சிபா. ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பார்சல் கொடுப்பது அவள் வேலை. முகம் வெந்து தோலுரிந்த பிறகுதான் அதை வாங்கினாள். முதல் நாள் காலையில் அவள் கன்னத்தில் பூசியதும் காவல்காரன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். மத்தியானம் வெயில் மல்லுக்கு வந்தது. விழுந்த அடியையெல்லாம் தானே வாங்கிக்கொண்டான்.

"நீ நல்லா இருக்கணும்ப்பா," என்றது எப்சிபாவின் தோல். "எத்தனையோ மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் எரியாம இருக்கேன்."

அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. உயிரைக் கொடுத்தாவது இவளைக் காப்பாற்றுவது என்று முடிவு கட்டினான். பாவம், அவன் மனதில் துளிக் கள்ளம் கிடையாது.

ஆனால் அவன் உடம்பு வாகு அப்படி, ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. சாயங்காலத்துக்குள் தோலின் இடுக்கு வழியே மெல்ல இறங்கி, இரத்தத்தில் போய் விழுந்தான்.

இரத்தம் ஓட்டத்தை நிறுத்தாமலே கேட்டது. "யாருப்பா நீ?"

"காவல்காரன்."

"வாசல்ல நிக்க வேண்டியவனுக்கு உள்ள என்ன சோலி?"

"தெரியல. வழுக்கிட்டு வந்துட்டேன்."

"உன்னால இவளுக்குக் கெடுதல் வருமா?"

காவல்காரன் யோசித்தான். வெயிலைத் தடுப்பானா என்று ஆலையில் அவனைப் பலமுறை சோதித்தார்கள். உள்ளே போனால் என்ன செய்வான் என்று யாரும் கேட்டதாக அவனுக்கு நினைவில்லை.

"வரும்னும் சொல்ல முடியல, வராதுன்னும் சொல்ல முடியல," என்றான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை முட்டியது.

"வந்தவன என்ன செய்ய," என்றது இரத்தம். "கூடவே சுத்து."

சுற்றிச் சுற்றி, மறுநாள் காலையில் எப்சிபாவின் உள்ளங்கைப் பக்கம் வந்து சேர்ந்தான். தோலுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"ஏட்டி, அந்த ட்யூப்ல பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, வாசிச்சியா?" என்றான் அவள் புருஷன் செல்வின். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை.

"அத வாசிக்க எனக்கு எங்க நேரம்? கெட்டதுன்னா கடையில விப்பானா?"

ட்யூபைப் பிதுக்கினாள். காவல்காரனின் தம்பிமார் உள்ளங்கையில் வந்து விழுந்தார்கள், நேற்றைய அவனைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. முகத்தில் பூசினாள், கழுத்தில் பூசினாள். கொஞ்சம் மிஞ்சியது. பவுடரானாலும் எண்ணெயானாலும், கையில் மிஞ்சியதைப் பிள்ளைக்குத் தடவிவிடுவது அவள் வழக்கம். வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு அது ஒரு கொஞ்சல்.

"என் தங்கம், இங்க பாரு," என்று கையை நீட்டினாள்.

"தம்பிமாரே, நில்லுங்கலே," என்று காவல்காரன் உள்ளேயிருந்து கத்தினான். "நாம வாசல்ல நிக்கிற ஆளுங்க இல்ல. அது பச்சப் பிள்ளலே." உள்ளங்கைத் தோலை முட்டினான், மோதினான். அவன் குரல் யார் காதிலும் விழவில்லை. எப்சிபாவுக்குக் கை லேசாக வியர்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

கை கன்னத்தில் பட்டது. குழந்தை சிரித்தது. அந்தத் தோலுக்கு ஏழே மாதம். யாரையும் சந்தேகப்பட அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"யாரு?" என்று கேட்டது.

"காவல்காரங்க," என்றார்கள் தம்பிமார்.

"அம்மா கையிலயா வந்தீங்க?"

"ஆமா."

"அப்ப உள்ள வாங்க."