குழிநீரும் தாய் விராலும்

நரிமேட்டுக் காட்டில் ஒரே ஒரு குளம்தான். அந்தக் கோடையில் அதுவும் முழங்காலளவுக்கு வற்றிவிட்டது. அதில் ஒரு விரால் மீன் ஜோடி, பொடிப்பொடிக் குஞ்சுகளோடு இருந்தது.

குளத்துக்கு மேல்புறம் மனிதர்கள் பூமியைத் துளைத்து எரிவாயு எடுத்தார்கள். பாறையைப் பிளக்கத் தண்ணீரை உள்ளே அழுத்தி அனுப்புவார்கள். திரும்பி வந்த தண்ணீர் பெரிய குழியில் தேங்கிக் கிடந்தது.

"கண்ணெதிரே இவ்வளவு தண்ணீர் கிடக்கும்போது நாம் ஏன் சாகவேண்டும்?" என்றது கரட்டான் என்ற காட்டுப்பன்றி. குழியின் கரையை உடைத்துவிட்டால் தண்ணீர் தானாகக் குளத்துக்கு வந்துவிடுமாம். தோண்டுவதுதான் பன்றிக்குக் கைவந்த கலையாயிற்றே!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். புதுத் தண்ணீரை முதலில் மான்தான் ருசி பார்க்கும். மான் தலையாட்டினால் எல்லோரும் குடிப்பார்கள். மான் போய் நாலு வாய் குடித்தது. உதட்டை நக்கிக்கொண்டு பிரமாதம் என்றது. மானுக்கு உப்பென்றால் உயிர்! உவர்மண்ணைத் தேடிப்போய் நக்குகிற நாக்கை நம்பி அத்தனை பேரும் கூத்தாடினார்கள்.

தாய் விராலுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மான் குடித்துவிட்டுப் போய்விடும். அந்தத் தண்ணீருக்குள்ளேயே வாழவேண்டியது விராலின் பிள்ளைகள் அல்லவா?

"கரட்டான் அண்ணே, முதலில் ஒரு சின்னப் பள்ளம் தோண்டி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விடு. என்னை அதில் போடு. பொழுது சாயும்வரை நான் பிழைத்திருந்தால் கரையை உடைத்துக்கொள்."

பன்றிக்கு இது வீண்வேலையாகப் பட்டது. ஆனாலும் தோண்டியது. குஞ்சுகளை ஆண் விராலிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் விரால் கரட்டானின் வாயில் ஏறிப் பள்ளத்துக்குப் போனது.

வெறும் சேற்றிலேயே நாள்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் இனம் அது. அதுவே அந்த உப்புநீரில் உச்சிப்பொழுதுக்குள் மல்லாந்துவிட்டது. கரட்டான் பதறிப்போய் அதை வாயில் கவ்விக் குளத்துக்கு ஓடியது. பலனில்லை. மானோ தாகம் தணியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது.

கரட்டான் வெட்கத்தோடு பள்ளத்தை மூடியது. சில நாளில் மனிதர்கள் அந்தக் குழிநீரைக் குழாயில் உறிஞ்சி, மறுபடி பாறையைப் பிளக்கவே உள்ளே அனுப்பினார்கள்.

"பாறையைப் பிளக்க ஆகிற தண்ணீரை நான் குளத்தில் விடப் பார்த்தேனே" என்று கரட்டான் அழுதது. கீழே குளத்தில் ஆண் விரால் குஞ்சுகளை நடுவில் விட்டுச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒருமுறை பயன்பட்ட நீரை மறுபடி பயன்படுத்துவது நல்லதுதான். ஆனால் அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.